பகிஷ்காரமும் வன்னிச் சந்தையும்

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னிப் பெருநிலத்திலே வானொலி கேட்பதற்கும் உடலுழைப்பு வேண்டியிருந்தது. துவிச்சக்கரவண்டி ஒன்றைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார். அதன் டைனமோவிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் வானொலிப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து செய்தி கேட்பர். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். மின்சாரம் இல்லை; பற்றரியும் இல்லை. பற்றரி என்பது அக்காலத்திலே வன்னிக்குள் கொண்டு செல்லக் கூடாத பொருள்களில் ஒன்று.

ஒரு பொருளை வேண்டாமென்று ஒருவர் தாமாகவே தள்ளுவது பகிஷ்காரம். அப்பொருள் அவரைச் சென்றடையாதபடி பிறர் தடுப்பது தடை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆயினும் வெறுமையான கடைத்தட்டைப் பார்ப்பவருக்கு அவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதில்லை. பகிஷ்காரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வாங்குபவரின் பக்கத்தில் நின்றே பேசுவர். வன்னியோ வாங்கும் நிலமாகவும், விளைவிக்கும் நிலமாகவும், மறுக்கப்பட்ட நிலமாகவும் இருந்து பார்த்தது. அங்கிருந்து நோக்கும்போது கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: ஒரு பொருள் மறுக்கப்படும்போது அதனால் வரும் நட்டம் எவருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

ஆங்கிலத்திலே இச்செயலுக்கு வழங்கும் பெயர் ஒரு மனிதரின் பெயர். 1880ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ பகுதியிலே நிலப்பிரபு ஒருவரின் காணிகளை மேற்பார்த்தவர் காப்டன் பாய்காட். குத்தகை குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முனைந்த அவரை ஊர் முழுவதும் ஒதுக்கிற்று. வேலையாள் வரவில்லை, கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை. அவருடைய விளைச்சலை எடுக்க வேற்றூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களைக் காக்கப் படைவீரரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. விளைச்சலின் பெறுமதியைக் காட்டிலும் அதை எடுத்த செலவு பன்மடங்கு. தமிழ்க் கிராமங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஊர்விலக்கு என்ற பெயரிலே நாவிதரையும் சலவைத் தொழிலாளரையும் ஒரு வீட்டுக்குச் செல்லாமல் தடுக்கும் வழக்கம் இங்கு நெடுநாளாக இருந்ததே. ஆனால் அயர்லாந்திலே எளியவர் வலியவரை விலக்கினர். இங்கே பெரும்பாலும் வலியவர் எளியவரை விலக்கினர்.

அந்நியப் பொருளை விலக்கும் இயக்கமாக அது தமிழர் நடுவே வந்தது வங்கப் பிரிவினைக்குப் பின்னரே. 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். எதிர்த்து நின்ற பிரித்தானியக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. மலிவான கப்பலை விட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஒவ்வொரு பிரயாணியும் தம் கொள்கைக்காகத் தம் மடியிலிருந்தே காசு கொடுத்தார். 1908இல் சிதம்பரம்பிள்ளை சிறை சென்றார். 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. நட்டத்தைத் தாங்கும் வலு எதிரிக்கு அதிகமாக இருந்தது.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கதர் நிதி திரட்டியபோது, யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸ் அவரை வரவேற்றது. கதர் முரட்டுத் துணி. ஆலைத் துணியைக் காட்டிலும் விலையும் கூடியது. அதை உடுத்த இளைஞர்கள் அந்தப் பாரத்தைத் தாமே சுமந்தனர். அந்த நாளைய வன்னியோ காடும் குளமும் மலேரியாக் காய்ச்சலுமாக இருந்த, மக்கள் அருகிய நிலம். மண்ணெண்ணெயும் சீலைத்துணியும் நெருப்புப்பெட்டியும் தவிர அங்கே துறப்பதற்கு அதிகம் இருக்கவில்லை.

இறக்குமதிப் பொருள் பற்றிய கேள்வி வன்னிக்கு மெய்யாகவே வந்து சேர்ந்தது 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, படித்து வேலையின்றி இருந்த இளைஞருக்குக் காணி வழங்கும் குடியேற்றத் திட்டங்கள் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் தோன்றியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவ்விளைஞர் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டு, நீர்ப்பம்பி வைத்துத் தோட்டஞ் செய்தனர். 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியாலே செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. அதுவரை இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த மிளகாய் நின்றது. மிளகாயில்லாத கறியை உண்பவர் இந்நாட்டில் எவருமிலர். சிங்களவரானாலும் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் அம்மி ஒன்றே. நாடு முழுவதும் வடக்கை நோக்கிற்று.

மிளகாய்ச் செய்கை இலகுவானதன்று. நாற்றுமேடையிற் கன்று வளர்த்து, பிடுங்கி நட்டு, நாள் தவறாமல் நீர் பாய்ச்சி, இலை சுருளும் நோய்க்கு அஞ்சி, பழம் பழமாக ஆய்ந்து, வெயிலில் உலர்த்திச் சாக்கிலே கட்ட வேண்டும். பழுத்த மிளகாய் ஆயும் நாளில் விரல்கள் எரியும். கண்ணைக் கசக்க முடியாது. ஆயினும் அந்த ஏழு ஆண்டுகளிலே வன்னியின் முற்றங்கள் சிவந்து கிடந்தன. லொறிகள் தோட்டத்து வாயிலுக்கே வந்தன. மிளகாய்க் காசிலே உழவு இயந்திரம் வாங்கியவரும், கொட்டிலை விட்டுக் கல்வீடு கட்டியவரும், சகோதரிக்குச் சீதனம் சேர்த்தவரும் உண்டு. உத்தியோகம் ஒன்றே வாழ்வு என்று எண்ணியிருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் விசுவமடுவிலிருந்து வந்த மாப்பிள்ளையை மதிக்கத் தொடங்கிய காலம் அது.

அதே தடையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. கொழும்பிலே பாணுக்கு விடியுமுன்னரே வரிசை நின்றது. துணியும் மாவும் சீனியும் அளந்து கொடுக்கப்பட்டன. வாரத்திற் சில நாள்களில் உணவகங்களிலே சோறு பரிமாறக் கூடாதென்று கட்டளை பிறந்தது. மிகக் கொடிய அடி விழுந்தது மலைநாட்டுத் தோட்டங்களில். பங்கீட்டு அரிசியையும் கோதுமை மாவையும் நம்பியிருந்த தேயிலைத் தொழிலாளர் 1973, 1974ஆம் ஆண்டுகளிலே பட்டினிக்கு உள்ளாயினர், சாவுகளும் நிகழ்ந்தன. உலகச் சந்தையின் தானிய விலையேற்றமும், எண்ணெய் விலையேற்றமும், வரட்சியும் அதற்குக் காரணங்களே. இறக்குமதிக் குறைப்பு மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் அதுவும் ஒரு காரணம். பட்டினியாலும் பின்னர் 1977இல் எழுந்த வன்முறையாலும் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தன. அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று தோட்டக் கூலி. இறக்குமதி நின்றதாலே வயிறு காய்ந்தவர்களிற் சிலர், இறக்குமதி நின்றதாலே செழித்த தோட்டங்களில் நாட்கூலிக்கு மிளகாய் ஆய்ந்தனர்.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று. கதவு திறக்கப்பட்டது. இந்தியச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மீண்டும் வந்து இறங்கின. வடக்கின் கமக்காரர் விலை சரிவதைக் கண்டனர். கடன்பட்டுப் பம்பி வாங்கியவர் பம்பியை விற்றுக் கடன் அடைத்தார். அதற்காகக் கொழும்பு இல்லத்தரசியைக் குறை கூறுவார் உளர். வரிசையில் நின்று சலித்த அவள் மலிவான மிளகாயை வாங்கியதிலே குற்றம் எங்கே இருக்கிறது? வன்னி மிளகாய்தான் வேண்டும் என்று அவளிடம் எவரும் என்றுமே கேட்டதில்லை. அரசாங்கம் அவளுக்கு வேறு மிளகாய் இல்லையென்று சொல்லியிருந்தது, அவ்வளவே. ஏழு ஆண்டுகளாக வன்னித் தோட்டத்துக்கு இருந்தவர்கள் விரும்பி வந்த வாடிக்கையாளர் அல்லர். வேறு வழியின்றி வந்தவர்கள், வழி கிடைத்ததும் போயினர்.

விருப்பத்துக்கு மாறான பகிஷ்காரம் ஒன்றை அடுத்த பத்தாண்டில் தென்னிலங்கை கண்டது. 1987ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான பின், மக்கள் விடுதலை முன்னணி இந்தியப் பொருள்களை விற்கவும் வாங்கவும் கூடாதென்று கட்டளையிட்டது. மீறிய வணிகர் உயிருக்கு அஞ்ச வேண்டியிருந்தது. பம்பாய் வெங்காயம் பெரிய வெங்காயமென்று பெயர் மாறிற்று, வெங்காயம் மாறவில்லை. துப்பாக்கிக்கு அஞ்சி ஒரு பொருளை விலக்குவதைப் பகிஷ்காரம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

பின்னர் வந்தது வன்னியின் சொந்தக் கதை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கே செல்லக் கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று நடைமுறைக்கு வந்தது. எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றரி என்பன போருக்கு உதவும் என்பது அரசாங்கம் கூறிய காரணம். பட்டியல் அவற்றோடு நிற்கவில்லை. சவர்க்காரமும் மெழுகுதிரியும் அரிதாயின, மருந்துகள் தட்டுப்பட்டன. 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் வன்னிக்குள் வந்து சேர்ந்தபோது, குறைந்த பொருளைப் பங்கிடுவோர் தொகை பெருகிற்று.

ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்தனர். அந்த ஒளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். இலுப்பை எண்ணெய் மறுபடியும் விளக்கேறிற்று. பனம்பழத்தின் களியைக் கரைத்து உடுப்புத் தோய்த்தனர். மோட்டார்ச் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலால் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அதன் புகை வருமுன்னே மணம் வந்துவிடும். பசளையின்றி நெல் விதைத்தனர். இரணைமடுவிலே தண்ணீர் இருந்தது, பம்பிக்கு எண்ணெய் இல்லை.

இவற்றுள் சவர்க்காரத்தின் கதையை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தோன்றும். பரந்தனிலே இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1950களில் அமைக்கப்பட்டது. அயலிலுள்ள ஆனையிறவு உப்பளத்து உப்பைக்கொண்டு அங்கே எரிசோடாவும் குளோரினும் செய்தனர். எரிசோடா இல்லாமல் சவர்க்காரம் இல்லை. நாட்டிற்குச் சவர்க்காரத்தின் மூலப்பொருளைக் கொடுத்த அத்தொழிற்சாலை போர்ச் சூழலால் 1980களின் நடுப்பகுதியிலே நின்றது. ஐந்தாறு ஆண்டு கழித்து அதைச் சுற்றியிருந்த ஊர்கள் பனங்களியிலே துணி தோய்த்தன.

இந்த வாழ்வைச் சுதேசியத்தின் வெற்றி என்றும் தன்னிறைவு என்றும் புகழ்ந்து எழுதியவர் உண்டு. மக்களின் கைத்திறமை மெச்சத்தக்கதே. ஆனால் 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின்போது தடை நீங்கி, ஏ9 நெடுஞ்சாலை திறந்து, சாமான் லொறிகள் கிளிநொச்சிக்குள் வரிசையாக நுழைந்தபோது, ஜாம் போத்தல் விளக்கை எவரும் கொள்கைக்காக ஏற்றி வைத்திருக்கவில்லை. வாசனைச் சவர்க்காரத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தனர். கதர் உடுத்தவர் ஆலைத் துணி கிடைத்தபோதும் கதரையே உடுத்தார். வன்னியாரோ பற்றரி கிடைத்ததும் மிதிப்பதை நிறுத்தினர். அவர்கள் எதையும் துறந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாலையும் 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. அதன் பின்னர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த காலத்தை விவரிக்க இவ்வுரை இடந்தராது.

போர் முடிந்த அதே காலத்திலே பகிஷ்காரம் என்ற சொல் மற்றொரு திசையிலிருந்து வந்தது. இலண்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த தமிழர் பலர், இலங்கைப் பொருள்களை வாங்காதீர், இலங்கை விமானத்தில் ஏறாதீர் என்று கேட்டனர். அமெரிக்காவிலே விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற ஆடைக் கடைகளின் வாயிலில் பதாகை ஏந்தி நின்றனர். ஆடையே இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் முதலிடம் பெறுவது. அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டியில் உள்ள நாட்டுப் பெயரை வாங்குபவருக்குக் காட்டுவது அவர்கள் நோக்கம். உறவினரைப் பறிகொடுத்தவர்கள், கையில் வேறு கருவி இல்லாதவர்கள், தம் காசை எங்கே கொடுப்பது என்ற உரிமையைப் பயன்படுத்தினர். அதைத் தவறென்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் மனித உரிமைக் காரணங்களைக் காட்டி, இலங்கைக்கு அளித்த ஜீ.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையை 2010 ஓகஸ்டில் நிறுத்தி, 2017 மே மாதத்திலேயே மீண்டும் கொடுத்தது.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்தத் தையல் இயந்திரங்கள் வன்னிக்கே வந்தன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. விக்டோரியாஸ் சீக்ரெட்டுக்கு நெடுங்காலமாக உடை தைத்துக் கொடுத்துவந்த எம்.ஏ.எஸ். நிறுவனம் கிளிநொச்சியிலே அமைத்த ஆலைகளுக்கு வானவில், விடியல் என்று தமிழ்ப் பெயர்களே இட்டது. விடியுமுன் பேருந்து ஊர் ஊராகச் சென்று பெண்களை ஏற்றி வந்தது. கணவனை இழந்தவர், தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த மகள், பங்கரிலிருந்து மீண்டு பள்ளிப் படிப்பை விட்டவள், இவர்களே பெரும்பாலும் அதில் ஏறினர். சம்பளம் பெரிதன்று, வேலை கடிது, நாள் முழுவதும் கணக்குத் துண்டுக்குக் கை ஓட வேண்டும். ஆயினும் மாத முடிவிற் கையில் வரும் காசு அது ஒன்றே.

இப்போது இலண்டனிலுள்ள ஒரு பெண் அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்து, இலங்கை என்று கண்டு, திரும்ப வைத்துவிடுகிறாள் என்று கொள்க. அவள் விசுவமடுவிற் பிறந்தவள். அவள் தமையன் இறந்த இடம் அவளுக்குத் தெரியும். சட்டையின் தையலை ஓட்டியவள் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையாகவும் இருக்கக்கூடும். கழுத்துப்பட்டியில் நாட்டின் பெயர் உண்டு, மாவட்டத்தின் பெயர் இல்லை. அச்சட்டை விலைப்படாமற் போனால் கொழும்பிலுள்ள அமைச்சரின் உணவு குறைவதற்கு நெடுநாளாகும். ஆலையிலே ஒரு வரிசை இயந்திரத்தை நிறுத்துவதற்கு அவ்வளவு நாள் ஆகாது.

இதற்கு மறுமொழி உண்டு. கூலி குறைந்த தொழிலைக் கொடுத்துவிட்டு நீதியைக் கேளாதே என்று சொல்வது பழைய தந்திரம் என்பர். தென்னாபிரிக்காவிலே நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் பொருள் விலக்கு நடந்தபோது, அதனால் துன்பம் கறுப்பருக்கே என்று வெள்ளையர் கூறியதையும் நினைவூட்டுவர். அது சரியான நினைவூட்டலே. ஆயினும் தென்னாபிரிக்காவிலே விலக்கைக் கேட்டவர்களுள் அந்நாட்டுக் கறுப்பரின் தலைவர்களே முன்னின்றனர்; 1959இல் இலண்டனிலே அவ்வியக்கம் தொடங்கியது அவர்கள் வேண்டுகோளின் பேரில். கிளிநொச்சிப் பேருந்தில் ஏறும் பெண்ணிடம், உன் தையலை நாங்கள் விலக்கட்டுமா என்று கேட்டவர் உண்டா என்பதே இங்கு எழும் வினா. கேட்டிருந்தால் அவள் ஆம் என்றும் சொல்லியிருக்கலாம். வன்னிப் பெண்கள் இழப்புக்கு அஞ்சுபவர்கள் அல்லர். ஆனால் மறுபடியும் ஒருமுறை, அவளுக்காக வேறொருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வன்னிச் சந்தையின் தட்டுகள் நிறைந்தே இருக்கின்றன. கிளிநொச்சியிலே விற்கும் செத்தல் மிளகாயிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. தேநீருக்குக் கரைக்கும் பால்மா நியூசிலாந்திலிருந்து வருவது, வன்னியில் மாடு இல்லாமலன்று. 2020ஆம் ஆண்டில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை மறித்தபோது விலை பன்மடங்கு ஏறிற்று. பாக்கு நீரிணையைக் கடந்து மூட்டை மூட்டையாகக் கள்ளமாக வந்த மஞ்சளை மன்னார்க் கரையிலே கடற்படையினர் பிடித்தனர். 1970களைக் கண்ட முதியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பர். மஞ்சளை நம்பித் தோட்டத்தைக் கொத்துமாறு அவர்கள் தம் பேரருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு 2025ஆம் ஆண்டிலே இந்தியாவிலிருந்து உப்பையும் தருவித்தது. தென்பகுதி உப்பளங்களைப் பருவந்தவறிய மழை கெடுத்திருந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஆனையிறவிலே உணவுக்கான உப்பு ஆலை திறந்துவைக்கப்பட்டது. போரிலே பாழாகி நெடுநாட் கிடந்த நிலம் அது. பொதியின் மேல் ரஜ லுணு என்ற பெயர் இடப்பட்டிருந்தது. ஆனையிறவு உப்பு என்றே அது வழங்க வேண்டுமென்று தமிழர் பலர் குரலெழுப்பினர். சித்திரை, வைகாசி வெயில் ஏறியதும் அங்கே பாத்திகளிலே உப்புப் பூக்கத் தொடங்கும். அதை வாருவோர் காலில் வெடிப்போடு நின்று, குவித்து, சுமந்து கரையேற்றுவர். பரந்தனிலே எரிசோடா செய்த தொழிற்சாலை இருந்த இடம் அங்கிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது.